ஒன்பதாம் எண் கணினியின் திசை

குடிநீர்த் தர வாரியத்தில் மொத்தம் இருபத்திரண்டு கணினிகள். பன்னிரண்டில் என்டர் தட்டினால் கர்சர் கீழ்க் கட்டத்துக்கு இறங்கும். ஏழில் வலது பக்கத்துக் கட்டத்துக்கு நகரும். ஒன்றில், ஏனென்று யாருக்கும் தெரியாது, மேலே ஏறும். இன்னொன்றில் அசையவே அசையாது. மிச்சமிருந்த ஒன்று இயக்குநருடையது. அதில் இதுவரை யாரும் என்டர் தட்டியதில்லை என்பதால் அதன் போக்கு பற்றி அலுவலகத்தில் இரண்டு கருத்துகள் நிலவின.

இவ்வளவு துல்லியமான விவரம் வாரியத்துக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு குழு, குழுவுக்கு ஒரு துணைக்குழு, ஒன்பது கூட்டங்கள், நானூறு அம்புக்குறி ஸ்டிக்கர்கள் எல்லாம் தேவைப்பட்டன. நடுவில் ஒரு கைக்குழந்தையின் உதடு நீலமாகிப் போனது. அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

அங்கே பதிவுப் பிரிவில் ஒருத்தி இருந்தாள். அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் மின்னல். நாற்பத்து நாலு வயது, ஒல்லியான உடம்பு, யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். ஆனால் வலது கையை எண் விசைகள் மேல் வைத்துவிட்டாள் என்றால் பக்கத்து மேஜைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கண் தாளைவிட்டு நகராது. திரையைப் பார்ப்பதே கிடையாது. பார்த்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் தப்பு வரும் என்பது அவள் கண்ட அனுபவம்.

வேலை இதுதான். ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஆழ்துளைக் கிணறும் ஒரு பொதுக்குழாயும் உண்டு. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீருக்கும் ஆறு சோதனை செய்வார்கள்: கலங்கல், உப்பு, கடினம், நைட்ரேட், இரும்பு, குளோரின். ஒரு ஷீட்டுக்கு ஆறு தெரு. ஆறு வரிசை, ஆறு பத்தி, முப்பத்தாறு கட்டம். மின்னல் முப்பத்தாறையும் மவுஸால் இழுத்து மார்க் செய்துவிட்டு எண், என்டர், எண், என்டர் என்று போய்க்கொண்டே இருப்பாள். கர்சர் வலது பக்கமாக நகர்ந்து, ஒரு தெருவின் ஆறு எண்ணும் முடிந்ததும் தானாக அடுத்த தெருவின் வரிசைக்கு வந்து நிற்கும். அவளுடைய நாலாம் எண் கணினியில் அப்படி நகரும்படி அவளே அமைப்பை மாற்றிவைத்திருந்தாள், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அரை நிமிட வேலை. அதற்கப்புறம் பதினோரு வருடம் அவள் கை ஒரு எண் தப்பியதில்லை.

பிறகு புது இயக்குநர் வந்தார். வந்த மூன்றாம் வாரம் சுழல் இருக்கைத் திட்டம் வந்தது. இனி யாருக்கும் சொந்த மேஜை, சொந்தக் கணினி கிடையாது. காலையில் வாசலில் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு டோக்கன் எடுக்க வேண்டும், டோக்கனில் என்ன எண்ணோ அந்தக் கணினி. ஒரே நாற்காலியில் நாள்பட உட்கார்ந்தால் அந்த நாற்காலிக்காரருக்கு அபிப்பிராயம் என்று ஒன்று முளைத்துவிடுகிறது, அது நிர்வாகத்துக்கு ஆகாது என்று தொடக்க விழாவில் இயக்குநர் விளக்கினார். கை தட்டினார்கள். அதே சுற்றறிக்கையின் கடைசி வரியில், கணினிகளின் அமைப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன என்றும், சாவி அமைப்புகள் பிரிவிடம் இருக்கும் என்றும் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

முதல் நாள் மின்னலுக்கு ஒன்பதாம் எண் வந்தது. உட்கார்ந்தாள், மார்க் செய்தாள், கண்ணைத் தாளுக்குத் திருப்பினாள், ஓட ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினேழு ஷீட் முடித்துச் சேமித்துவிட்டாள். சாப்பிட எழுந்திருக்கும்போது தற்செயலாகத் திரையைப் பார்த்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் எண் கணினியில் கர்சர் கீழே இறங்குகிறது. ஒரு தெருவின் ஆறு எண்களும் குறுக்கே போவதற்குப் பதில், முதல் பத்தியில் நெடுக இறங்கி ஆறு தெருக்களுக்குப் பங்கு போடப்பட்டிருந்தன. அடுத்த தெருவின் எண்கள் அடுத்த பத்தியில். ஆறுக்கு ஆறு என்பதால் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை, ஒரு எண்கூட வெளியே துருத்திக்கொண்டு நிற்கவில்லை. பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது. வரிசை பத்தியாகவும் பத்தி வரிசையாகவும் மாறி, ஊர்த் தண்ணீர் மொத்தமும் இடம் மாறிக் கிடந்தது.

அவள் முதலில் தேடியது பதினேழாம் தெருவை. அங்கேதான் அவள் தங்கை இருக்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை, அன்றைக்குப் பன்னிரண்டு நாள். பதினேழாம் தெருவின் நைட்ரேட் நூற்றுப் பன்னிரண்டு என்று தாளில் இருந்தது. ஐம்பதைத் தாண்டினாலே கைக்குழந்தைக்குப் பால் கரைக்க ஆகாது. ஷீட்டில் அந்த நூற்றுப் பன்னிரண்டு, பதினாறாம் தெருவின் இரும்புக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பதினாறாம் தெருவின் இரும்பான பூஜ்யம் புள்ளி இரண்டு, பதினேழாம் தெருவின் நைட்ரேட்டாக வந்து சேர்ந்திருந்தது.

திருத்தப் போனாள். சேமித்த ஷீட் பூட்டிக்கொண்டுவிட்டது. அதுவும் திட்டத்தில் ஒரு அம்சமாம்.

அமைப்புகள் பிரிவு அதிகாரி இரண்டாவது மாடியில் இருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், முழுவதும் கேட்டார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கர்சர் எந்தப் பக்கம் போறதுங்கறது கொள்கை முடிவும்மா. அரை நிமிஷத்துல மாத்தலாம்தான், இல்லேங்கல. ஆனா அரை நிமிஷத்துல மாத்தக்கூடியதை எல்லாம் அரை நிமிஷத்துல மாத்திட்டா, அப்புறம் இந்தப் பிரிவு எதுக்கு? நாங்க பதினாலு பேர் இருக்கோம்."

ஷீட்டையாவது திறந்துவிடுங்கள் என்று கேட்டாள். தப்பு நேர்ந்தது கணினியால் என்று நிரூபணமானால் திறக்கலாம் என்றார். நிரூபிக்க ஒரு படிவம் இருந்தது. அந்தப் படிவமும் ஒரு ஷீட்தான், ஏழு கட்டம் குறுக்கே. சம்பந்தப்பட்ட கணினியிலேயே நிரப்பி அனுப்ப வேண்டும்.

ஒன்பதாம் எண் டோக்கன் மறுபடி கைக்கு வர ஆறு நாள் ஆனது. மின்னல் ஒவ்வொரு கட்டமாக மவுஸால் தொட்டுத் தொட்டு ஜாக்கிரதையாகக் குறுக்கே நிரப்பினாள். மனுதாரர் படிவத்தை இதே கணினியில் குறுக்கே செவ்வனே நிரப்பியிருப்பதால் கணினி கீழே இறங்குகிறது என்ற புகாரில் சாரமில்லை என்று பதில் வந்தது. அடுத்த முறை என்டர் தட்டியே நிரப்பினாள். ஏழு விவரமும் கீழே இறங்கி நின்றன. படிவம் உரிய வடிவத்தில் நிரப்பப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை படிவத்தோடு ஒரு கடிதம் வைத்தாள். கடிதம் வந்துவிட்டதால் விஷயம் குழுவுக்குப் போயிற்று.

வேதியியலரிடமும் போனாள். தண்ணீரைச் சோதித்தவர் அவர்தான். நோட்டில் பதினேழாம் தெரு நூற்றுப் பன்னிரண்டு என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். தன் வேலை நோட்டோடு முடிந்தது, நோட்டில் சரியாகத்தான் இருக்கிறது என்றார். மறுபடி சோதிக்க முடியாதா என்றதற்கு, முதல் தரம் வாங்கிய தெருவை மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் சோதிக்க விதி இருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார்.

ஆம், பதினேழாம் தெரு முதல் தரம் வாங்கியிருந்தது. நைட்ரேட் பூஜ்யம் புள்ளி இரண்டு என்பது வாரியம் பிறந்ததிலிருந்து கண்டிராத சுத்தம். இயக்குநரே நேரில் போய்க் குழாயடியில் முதல் தர நீர் என்று எழுதிய பச்சைப் பலகை நட்டார். பக்கத்துத் தெருக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே வர ஆரம்பித்தார்கள். பதினாறாம் தெருவின் கதை வேறு. தண்ணீரில் இரும்பு நூற்றுப் பன்னிரண்டு என்றால் தெருவுக்கு அடியில் சுரங்கமே இருக்க வேண்டும் என்று கனிமத் துறையிலிருந்து ஒரு குழு வந்து, நடுத்தெருவில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்த்தது. குழியில் களிமண் வந்தது. களிமண்ணுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பதால் மூடாமல் போனார்கள்.

மின்னல் தங்கையிடம் சொல்லாமலா இருப்பாள்? முதல் நாள் சாயங்காலமே போய்ச் சொன்னாள். அப்போது குழந்தை தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தது, பயமில்லை. ஆனாலும் தினமும் காலையில் இரண்டு கேன் தண்ணீர் தன் வீட்டிலிருந்து பஸ்ஸில் தூக்கிவந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பச்சைப் பலகை வந்த வாரம் தங்கையின் முகம் மாறியது. ஊரே கொண்டாடுகிற தண்ணீர், தன் தெருவுக்குக் கிடைத்த பெருமை, அதைப் போய் அக்கா விஷம் என்கிறாளே என்று அவளுக்கு மனத்தாங்கல். இரண்டு மாதத்தில் பால் வற்றிப் பால்மாவுக்கு மாறியபோது மின்னல் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"அக்கா, நீ சொல்றது எனக்குப் புரியலன்னு நினைக்காத. ஆனா நீ டைப் அடிக்கிறவ. பலகை வச்சவங்க படிச்சவங்க. அவ்ளோ பேரும் சேர்ந்தா தப்பு பண்ணுவாங்க?"

அந்த வார்த்தை மின்னலைச் சுட்டது. பதினோரு வருடமாக அந்தப் படித்தவர்கள் படிக்கிற எண் ஒவ்வொன்றும் தன் விரல் வழியாகப் போனதுதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குப் பதில், கேன் தண்ணீரைக் குழந்தைக்கு மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தாள். தங்கை அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவினாள். பிள்ளைக்கு முதல் தரத் தண்ணீரைப் பிடித்து, இருக்கட்டும் ஒரு ஜாக்கிரதைக்கு என்று, ஒரு தடவைக்கு மூன்று தடவை கொதிக்கவைத்து ஆறவைத்துக் கரைத்தாள்.

இதற்கிடையில் கர்சர் திசை ஆய்வுக் குழு அமர்ந்தது. ஐந்து உறுப்பினர்கள், ஐந்து பேருக்கும் டைப் அடிக்கத் தெரியாது, நடுநிலைமைக்காக அப்படித் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் இரண்டு கூட்டம் என்டர் என்றால் எந்த என்டர், எழுத்துப் பக்கம் இருப்பதா எண் பக்கம் இருப்பதா என்பதில் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில் துணைக்குழு. நாலாவது கூட்டத்தில் கள ஆய்வு என்று முடிவாகி, ஐவரும் வீடியோக்காரரோடு இயக்குநருடையதைத் தவிர ஒவ்வொரு கணினியாக வந்து, சாட்சிகள் முன்னிலையில் ஒரே ஒரு முறை என்டர் தட்டிப் பார்த்தார்கள். ஒன்பதாம் எண்ணில் தட்டும்போது திரையில் சேமிக்கவா வேண்டாமா என்று கேட்கிற பெட்டி திறந்திருந்தது. தட்டியதும் பெட்டி மூடிக்கொண்டது, கர்சர் அசையவில்லை. அசையாதது என்று எழுதிக்கொண்டார்கள். இன்னொரு முறை தட்டுங்கள் என்று மின்னல் கேட்டாள். இரண்டாம் முறை தட்டினால் முதல் முறையின் புனிதம் போய்விடும் என்று தலைவர் மறுத்தார்.

ஐந்தாவது கூட்டத்தில் ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் திசை காட்டும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டத் தீர்மானித்தார்கள். மேலே, கீழே, வலது, இடது என்று திசைக்கு நூறாக நானூறு அச்சடித்து வந்தன. ஒரே அம்பைத் திருப்பி ஒட்டினால் நாலு திசையும் வந்துவிடுமே என்று பியூன் சொன்னார். அச்சடிப்பு முடிந்த பிறகு இதைச் சொல்வதன் உள்நோக்கம் என்ன என்று கேட்டு அவருக்குக் குறிப்பாணை போயிற்று. அசையாதது என்பதற்கு ஸ்டிக்கர் இல்லாததால் ஒன்பதாம் எண்ணில் நாலு அம்பையும் ஒட்டினார்கள்.

ஒன்பதாவது கூட்டத்துக்கு மின்னலை வரச்சொன்னார்கள். இயக்குநரே தலைமை. அவளிடம் கேள்வி எதுவும் இல்லை, முடிவைத் தெரிவிக்கத்தான் கூப்பிட்டது. இயக்குநருக்கு நல்ல கனிவான குரல்.

"நீங்க சொல்ற ஷீட்டை நான் கண்ணால பார்த்தேன். முப்பத்தாறு கட்டம், முப்பத்தாறும் நிரம்பியிருக்கு. தப்பான ஷீட்டுன்னா எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கணும்ல? எந்த எண் எந்தக் கட்டத்துல இருக்குங்கறது வெறும் விவரம். கட்டம் காலியா இல்லங்கறதுதான் நிர்வாகம். மேல இருக்கறவங்க என்னைக் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: முடிச்சாச்சா? நான் சொல்றேன், முடிச்சாச்சு. முப்பது வருஷமா இதைச் சொல்லித்தான் இந்த நாற்காலிக்கு வந்திருக்கேன்."

தீர்மானத்தை வாசித்தார்கள். எந்தக் கணினியில் எந்தத் திசையில் பதியப்பட்டாலும், ஒரு எண் தான் இருக்கும் கட்டத்தில் சரியாகவே இருப்பதாகக் கருதப்படும். கணினிகளின் திசைகள் இப்போது உள்ளபடியே தொடரும். இதைப் பதிந்துகொண்டிருந்தபோது மின்னலின் போன் அடித்தது. தங்கையின் புருஷன். குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பாரித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம் என்றான்.

அங்கே ஒரு இளம் டாக்டர், கண் சிவந்து களைத்துப்போன பெண், தங்கையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பால், எத்தனை ஸ்பூன், எங்கே பிடித்த தண்ணீர், கொதிக்கவைத்தீர்களா.

"மூணு தடவை கொதிக்க வச்சேன் டாக்டர். நல்லாவே கொதிக்க வச்சேன்."

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றும், நைட்ரேட் வற்றாது, இன்னும் கெட்டிப்படும் என்று டாக்டர் மெதுவாகத்தான் சொன்னாள். தங்கை அதைக் கேட்டுவிட்டு அழவில்லை. சுவரில் சாய்ந்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். மின்னல் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொன்னேனே என்கிற சொல் தொண்டை வரை வந்தது, அதற்காகத் தன்னையே அவள் வெறுத்தாள். ஊசி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் குழந்தையின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. 

டாக்டர், இது நைட்ரேட் தண்ணீரால் வந்த நீலக்குழந்தை நோய் என்று வாரியத்துக்குக் கடிதம் எழுதினாள். பதினேழாம் தெருவின் நைட்ரேட் பூஜ்யம் புள்ளி இரண்டு என்பதால் குழந்தைக்கு அந்த நோய் வர வாய்ப்பில்லை, ஆகவே ஆஸ்பத்திரி தன் சோதனைக் கருவிகளைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று வாரியம் பதில் போட்டது.

குழந்தை பிழைத்துத் தாயோடு மின்னல் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் பதினேழாம் தெருவில் தங்கையின் அடுத்த வீட்டிலேயே நாற்பது நாள் பிள்ளை ஒன்று இருந்தது, எதிர்வரிசையில் இன்னும் இரண்டு. குழாயை மூடியாக வேண்டும். மின்னல் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளே அமைப்புகள் பிரிவு அதிகாரியும் இருந்தார். கணினி தப்பு செய்ததென்றால் குழு மறுபடி அமர வேண்டும், குறைந்தது எட்டு மாதம் ஆகும் என்று எடுத்துச் சொன்னார்கள். ஆள் தப்பு செய்ததென்றால் ஒரு கையெழுத்து போதும், இன்றைக்கே அந்த வரிசையைத் திறந்து மூடல் ஆணை போட்டுவிடலாம். வாசகம் டைப் அடித்துத் தயாராகவே இருந்தது. மேற்படி ஊழியர் தவறான எண்களைத் தெரிந்தே பதிந்தார்.

"தெரிஞ்சேன்னு இருக்கே சார்."

"தெரியாமன்னு போட்டா, ஏன் தெரியலன்னு கேப்பாங்கம்மா. அப்புறம் கணினி வரைக்கும் வந்துடும்."

பதினோரு வருடம் தப்பாத கை. மின்னல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலையே அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மூடல் ஆணை ஏறியதா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஏறியதுதான். ஏற்றியது பதிவுப் பிரிவின் சோடாபுட்டி. தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர், பாவம், கெட்டவன் இல்லை. அவன் கீழே இறங்கும் கணினிகளில் பழகியவன். அன்றைக்கு அவனுக்கு வலது பக்கம் போகிற கணினி வாய்த்தது. ஷீட்டில் தெருவுக்கு எதிரே ஆணை என்று ஒரு பத்தி, அதற்கு வலது பக்கம் நடவடிக்கை என்று ஒரு பத்தி. பதினேழாம் தெருவுக்கு மூடுக என்று அடித்து என்டர் தட்டினான். அடுத்தது பதினெட்டாம் தெரு, அங்கே போன வருடமே குழாய் உடைந்து மூடியாகிவிட்டது, ஆகவே மூடப்பட்டது என்று அடித்தான். கர்சர் இறங்காமல் வலது பக்கம் போயிருந்ததால் அது பதினேழாம் தெருவின் நடவடிக்கையாகப் பதிந்தது. ஆணை: மூடுக. நடவடிக்கை: மூடப்பட்டது. சேமித்ததும் ஷீட் பூட்டிக்கொண்டது. வால்வு மூட யாரும் போகவில்லை. முடிந்த வேலைக்கு யார் போவார்கள்?

நாலு நாளாகியும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று தங்கையின் புருஷன் சொன்னான். அக்காவும் தங்கையும் கிளம்பிப் போனார்கள். குழாயடியில் நீள வரிசை. பச்சைப் பலகை அப்படியே நின்றது, பலகை வேறு பிரிவின் சொத்து. அதன் கீழே மின்னலின் ஒப்புதல் கடிதத்தை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். தங்கை வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னாள், பிள்ளை நீலமானதைச் சொன்னாள், மூன்று தடவை கொதிக்கவைத்ததைச் சொன்னாள். மின்னல் நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணைச் சொன்னாள். அவர்கள் பலகையைப் பார்த்தார்கள், கடிதத்தைப் பார்த்தார்கள், மின்னலைப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சே தப்பான நம்பர் போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேக்கா, இந்த நம்பரை மட்டும் எப்படி நம்பறது?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. இடுப்பில் நாற்பது நாள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சண்டைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவளுக்குக் குழப்பம். குடத்தை நகர்த்தி வைத்தாள்.

பதினோரு மணி வாக்கில் வாரியத்தின் களச் சரிபார்ப்பாளர் வந்தார். கையில் அட்டை, அட்டையில் அச்சடித்த பட்டியல். மூடப்பட்ட குழாய்கள் மூடித்தான் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. வெயிலில் நடந்துவந்திருந்தார். குழாயைத் திறந்து முகம் கழுவினார், இரண்டு கை குடித்தார், பட்டியலில் பதினேழாம் தெருவுக்கு எதிரே மூடப்பட்டது, சரி என்று டிக் அடித்தார்.

மின்னல் அவர் முன்னால் போய் நின்றாள். வால்வுக் குழியின் சாவி அவர் இடுப்பில் தொங்குவதைக் காட்டி, அரை நிமிட வேலை, ஒரு திருகு திருகிவிட்டுப் போங்கள் என்று கேட்டாள். அவர் பட்டியலை அவளிடமே நீட்டிக் காட்டினார்.

"மூடின குழாயை மறுபடி எப்படிம்மா மூடறது? நாளைக்கு என்னைக் கேப்பாங்கல்ல? மூடணும்னா முதல்ல அது திறந்திருக்கணும். திறக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் குடுங்க. திறந்ததா ஏறட்டும். ஏறினதும் மூடச் சொல்லி இன்னொண்ணு குடுங்க. நானே வந்து மூடித் தரேன்."

விண்ணப்பப் படிவமும் அவரிடமே இருந்தது. பேனாவும் கொடுத்தார், மனம் நல்ல மனம்தான். தங்கை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, என்ன கேட்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான். குழாயைத் திறக்கக் கோரும் காரணம். நீரின் தரம் நல்லது என்று விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழி இல்லாமல் ஏற்கப்படமாட்டாது.

அடுத்த வீட்டுக்காரியின் குடம் நிரம்பியிருந்தது. பிள்ளையை ஒரு பக்கமும் குடத்தை மறுபக்கமும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மின்னல் தாளைத் தங்கையின் முதுகில் வைத்து, குழந்தைகளுக்கு மிகவும் உகந்த நல்ல தண்ணீர், தயவுசெய்து திறந்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.